விழித்திரை அறுவையின் நடுவே ஓசிடி படம் பார்ப்பது அவசியமா?

கேள்வி:

என் தாயாருக்கு வலக்கண்ணின் மாகுலா (விழித்திரையின் மையப் பகுதி) மீது மெல்லிய சவ்வு படர்ந்திருக்கிறது. கதவு நிலைகூட நடுவில் நெளிந்து தெரிவதாகச் சொல்கிறார். சவ்வை உரித்தெடுக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியுள்ளார். அறுவை நடக்கும்போதே மைக்ரோஸ்கோப் வழியாக ஓசிடி (விழித்திரையின் குறுக்குவெட்டை ஒளியால் படமாக்கும் ஸ்கேன்) பார்க்கும் வசதி சில மருத்துவமனைகளில் உண்டு என்று படித்தேன். முன்னரே ஸ்கேன் எடுத்துவிட்ட பிறகு மீண்டும் எதற்கு? அந்த வசதி இல்லாத இடத்தில் செய்துகொள்வது தவறாகுமா?

பதில் 1 (விழித்திரை அறுவை மருத்துவர்):

முன்னர் எடுத்த ஸ்கேன், கண்ணுக்குள் கருவி நுழைவதற்கு முந்தைய நிலையைக் காட்டுவது. சவ்வின் ஓரத்தை ஃபோர்செப்ஸால் (நுண்ணிய இடுக்கி) பற்றி இழுக்கத் தொடங்கியதுமே விழித்திரையின் வடிவம் மாறிவிடுகிறது. மாகுலாப் பகுதியில் விழித்திரையின் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். அதன் மேற்பரப்பிலுள்ள உள் எல்லைச் சவ்வோ சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே. மைக்ரோஸ்கோப்பில் மேலிருந்து பார்க்கும் எங்களுக்குப் பரப்பு தெரியும், குறுக்குவெட்டு தெரியாது. அதனால்தான் பிரில்லியன்ட் ப்ளூ சாயத்தை இடுகிறோம்: உள் எல்லைச் சவ்வு நீலமேறும், அதன்மேல் படர்ந்த நோய்ச்சவ்வு அவ்வளவாக ஏறாது. ஓசிடியோ, உரித்த இடத்தின் விளிம்பு மெல்லிய கோடாக எழுந்து நிற்பதையும், எஞ்சிய துணுக்கு எங்கே ஒட்டியிருக்கிறது என்பதையும் அந்த நிமிடமே காட்டிவிடும். சவ்வு முழுவதும் வந்துவிட்டது என்று நான் நம்பிய பிறகு, ஒரு துணுக்கு மாகுலாவின் நடுப்புள்ளியான ஃபோவியாவின் அருகே எஞ்சியிருந்ததைத் திரையில் கண்டு மீண்டும் உரித்ததுண்டு. அதேபோல், மேலும் உரிக்கத் தேவையில்லை என்று அது சொன்னதால் கையை எடுத்துக்கொண்டதும் உண்டு. தேவையற்று விழித்திரையைத் தொடாமல் விடுவது எனக்கு அதைவிடப் பெரிய பயனாகப் படுகிறது.

837 கண்களை உள்ளடக்கி 2018-இல் வெளியான, அறுவையின் நடுவே ஓசிடி பார்ப்பதைப் பற்றிய டிஸ்கவர் ஆய்வில், விழித்திரை அறுவைகளில் ஏறத்தாழ 29 சதவீதத்தில் இந்தப் படம் தங்கள் முடிவை மாற்றியதாக அறுவை மருத்துவர்கள் தெரிவித்தனர். ஆனால் அது மருத்துவர்களே சொன்ன கணக்கு; அந்த ஆய்வில் ஓசிடி இல்லாமல் அறுவை செய்துகொண்ட ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஆகவே, இதனால் பார்வை கூடுதலாகத் திரும்பும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பதில் 2 (அறுவை அரங்கத் தொழில்நுட்பர்):

கருவியை இயக்குபவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். உலோக ஃபோர்செப்ஸ் ஓசிடியின் ஒளியை மறைப்பதால், அதற்கு நேர்கீழே படத்தில் கறுப்பு நிழல் விழும். மருத்துவர் பார்க்க விரும்பும் இடமே பெரும்பாலும் அந்த நிழலுக்குள் இருக்கும். கருவியைச் சற்று விலக்கி, ஸ்கேன் கோட்டை நகர்த்தி, பிறகு படம் எடுப்பதுதான் வழக்கம். விழிவெண்படலம் (கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் படலமான கார்னியா) கலங்கியிருந்தாலும் படம் மங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் இந்த வசதிக்காக மருத்துவரை மாற்றலாமா?

பதில் 1-இன் தொடர்ச்சி:

தாயாருக்கு இருக்கும் இந்தச் சவ்வுக்காக மட்டும் என்றால், மாற்ற வேண்டாம். இத்தகைய அறுவையை அடிக்கடி செய்பவரின் கைப்பழக்கம் இயந்திரத்தைவிட முக்கியம் என்பது என் கருத்து. மாகுலாவில் பெரிய துளை இருந்தாலோ, விழித்திரைக்கு அடியில் மரபணு மருந்து செலுத்துவதாக இருந்தாலோ என் பதில் வேறாக இருந்திருக்கும். மருந்து செலுத்தும்போது அந்தத் திரவம் சரியான அடுக்கில் இறங்குகிறதா என்பதை மேலிருந்து மட்டும் பார்த்து உறுதிசெய்வது கடினம். உங்கள் மருத்துவரிடம், உரித்த பிறகு எஞ்சிய சவ்வு இல்லை என்பதை அவர் எப்படிச் சரிபார்க்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.