எடை 104 கிலோ, முட்டி வலி: குதிக்காமல் என்ன பயிற்சி செய்யலாம்?

நித்திலா (கேள்வி):
தோழிகளே, வயது 38, உயரம் 158 செ.மீ., எடை 104 கிலோ. சுகர், பிரஷர் இல்லை. படி இறங்கும்போது இரண்டு முட்டியும் வலிக்கிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், தேய்மானம் ஆரம்ப நிலைதான், தொடைத் தசையைப் பலப்படுத்துங்கள் என்றார். வீடியோக்களைத் திறந்தாலோ எடுத்ததும் குதிக்கச் சொல்கிறார்கள். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை. நாற்காலி, சுவர் மட்டும் வைத்து என்ன செய்யலாம்? நடந்தால் மட்டும் போதாதா?

கயல்:
நடை மட்டும் போதாது, நித்திலா. சமதளத்தில் நடக்கும்போதே முட்டியில் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. படி இறங்கும்போது அது மூன்றரை மடங்கை நெருங்கும். அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது முன்தொடைத் தசை. அதற்கு நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை மிஞ்சி ஒன்றுமில்லை.

கனமான மர நாற்காலியாக எடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், வழவழப்பான தரையில் கால் விரிந்துவிடும். முதுகுப்பக்கம் சுவரில் முட்டட்டும். உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கெட்டிப் போர்வையை மடித்துப் போடுங்கள் (மெத்தென்ற ஸ்பாஞ்ச் அமுங்கிவிடும், பயனில்லை).

நுனிக்கு வந்து, பாதங்களை இடுப்பைவிட அகலமாக வைத்து, விரல்களைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள். பெரும்பாலான வீடியோக்களில் சொல்லாத விஷயம் இதுதான்: கால்கள் ஒட்டியிருந்தால் வயிறு தொடையில் இடிக்கும், முன்னால் குனிய முடியாது, குனியாமல் எழுந்தால் பாரம் முழுக்க முட்டிக்குப் போகும். குதிகால் முட்டிக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து, மூச்சை விட்டபடி எழுங்கள். மூச்சைப் பிடித்தால் பிரஷர் ஏறும். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயிற்சி போச்சு. முட்டிகள் உள்பக்கம் சாயக் கூடாது.

8 தடவை, ஒன்றரை நிமிட ஓய்வு, மறுபடி 8. வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். 12 தடவை சுலபமானதும் போர்வையில் ஒரு மடிப்பைக் குறையுங்கள். கூடவே சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10, சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது 10.

முல்லை:
சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் இருப்பதுபோல் உட்காரும் ‘வால் சிட்’டும் சேர்க்கலாமே?

கயல்:
இப்போதைக்கு வேண்டாம், முல்லை. முட்டி 90 டிகிரி மடங்கி நிற்கும்போது முட்டிச் சில்லுக்கு அடியில் அழுத்தம் அதிகம். படி இறங்கினால் வலிப்பவர்களுக்கு அந்த இடம்தான் வலிக்கும். வேண்டுமானால் கால்வாசி மட்டும் சறுக்கி 15 விநாடி நிற்கலாம்.

தேன்மொழி:
நடையை விடவும் வேண்டாம். முதலில் காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவை மெதுவாக எட்டலாம். சரிவான பாதையைத் தவிர்த்துவிடுங்கள். நீச்சல் குளம் கிடைத்தால் விடாதீர்கள். மார்பளவு தண்ணீரில் கால்கள் தாங்கும் எடை மூன்றில் ஒரு பங்காகிவிடும், நீச்சல் தெரியாவிட்டாலும் நடக்கலாம்.

வலிக்குக் கணக்கு இது: பத்துக்கு மூன்று வரை இருந்தால் தொடரலாம். மறுநாள் காலையிலும் கூடுதலாக வலித்தாலோ முட்டி வீங்கினாலோ அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். தசை வலி வேறு, அது தொடையில் பரவலாக இருக்கும், ஓரிரு நாளில் போய்விடும். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

நித்திலா:
நன்றி தோழிகளே. இன்னும் இரண்டு சந்தேகம். தொடை உரசிப் புண்ணாகிறது. எழும்போது சில சமயம் சிறுநீர் சொட்டுகிறது. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

தேன்மொழி:
கூச்சமே வேண்டாம், நிறையப் பேருக்கு இருக்கிறது. உரசலுக்கு, முட்டிக்குச் சற்று மேல் வரை வரும் இறுக்கமான ஷார்ட்ஸை உள்ளே போடுங்கள். பருத்தி வியர்வையைப் பிடித்துவைத்து இன்னும் உரசும், நைலான் கலந்த துணி நல்லது. கிளம்பும் முன் தொடையிடுக்கிலும் மார்புக்கு அடியிலும் வாசலின் தடவுங்கள், ஏற்கெனவே புண் இருந்தால் ஆறிய பிறகு.

சொட்டுவதற்கு இடுப்படித் தசைப் பயிற்சி. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் உள்ளிழுத்து 5 விநாடி பிடித்து, அதே அளவு நேரம் முழுக்கத் தளர்த்துங்கள். 10 தடவை, தினம் மூன்று வேளை. வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கினால் தப்பான தசை வேலை செய்கிறது என்று அர்த்தம். நாற்காலியிலிருந்து எழுவதற்கு ஒரு நொடி முன் இறுக்கிக்கொண்டு எழுங்கள். மூன்று மாதம் விடாமல் செய்தும் குறையாவிட்டால் மகளிர் மருத்துவரைப் பாருங்கள், அதற்குச் சிகிச்சை உண்டு.