புள்ளிப் பட்டியலும் ராமு ஆபீஸ் பிரிண்டரும்

குழு: பங்காளிகள் – படைப்பு வேலை

மாலை 5:12

சுப்பையா அண்ணன்: அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் ராமு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். நம் முன்னோர் படைப்புக்கு வரி பிரிக்க, கல்யாணமான ஜோடிக்கு ஒரு புள்ளி என்று எழுதிய புள்ளிப் பட்டியலை டேப்லெட்டிலிருந்து அடிக்க முடியவில்லை. 'பிரிண்டர் எதுவும் இல்லை' என்று வருகிறது. பிரிண்டர் என் முழங்கை இடிக்கும் தூரத்தில் இருக்கிறது.

தேனப்பன் சிங்கப்பூர்: டேப்லெட்டுக்கும் கண்ணாடி மாத்தணும்ணே

உமையாள் ஆச்சி: காலையில் ஒன்பது மணிக்குக் கூட்டம். பட்டியல் கையில் இல்லாமல் வரி எப்படிப் பேசுவது?

சுப்பையா அண்ணன்: அதற்குத்தான் ஆச்சி இந்த அவசரம். ராமு போனை எடுக்கவில்லை.

வள்ளி (ராமு வீடு): அவுக மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காக. போன் பையில் கிடக்கும்.

உமையாள் ஆச்சி: யார் வீட்டுக் கல்யாணம்? எங்களுக்குப் பத்திரிகை வரவில்லையே.

லெனா அண்ணன் கோவை: சுப்பையா, நிதானமாகப் படி. டேப்லெட் பிரிண்டரை நேரே பார்ப்பதில்லை. தான் இருக்கிற வைஃபைக்குள் 'பிரிண்டர் யாராவது உண்டா' என்று ஒரு குரல் கொடுக்கும். அதே வைஃபையில் இருக்கிற பிரிண்டர் 'நான் இருக்கிறேன்' என்று பதில் சொல்லும். அந்தக் குரல் வைஃபையைத் தாண்டி வெளியே கேட்காது. ஆப்பிள் டேப்லெட்டில் 2010 முதல் ஏர்பிரிண்ட் என்ற பெயரில் இந்த வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் 2013இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து அச்சிடும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. அது போதாவிட்டால் மோப்ரியா என்றொரு செயலி இருக்கிறது. கேனன், ஹெச்பி, சாம்சங், ஜெராக்ஸ் நாலு பேரும் சேர்ந்து ஆரம்பித்த அமைப்பின் செயலி அது. முன்பு கூகுள் கிளவுட் பிரிண்ட் என்று ஒன்று இருந்தது, எந்த ஊரில் இருந்தும் எந்த ஊர்ப் பிரிண்டரிலும் அடிக்கலாம். 2020 டிசம்பர் 31ஓடு அதை மூடிவிட்டார்கள். ஆகையால் கேள்வி ஒன்றுதான். டேப்லெட்டும் பிரிண்டரும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா?

தேனப்பன் சிங்கப்பூர்: கேள்வியை முதலில் போட்டிருக்கலாம்

சுப்பையா அண்ணன்: நெட் நன்றாக ஓடுகிறது. மீனாள் சிம் போட்டுத்தான் கொடுத்தாள்.

மீனாள்: அப்பச்சி அது சிம் நெட். வைஃபை ஆன் பண்ணுங்க

லெனா அண்ணன் கோவை: நான் சொன்னதும் அதுதான்.

சுப்பையா அண்ணன்: ஆன் செய்துவிட்டேன். கெஸ்ட் என்று முடிகிற பெயர் ஒன்று வந்தது. பாஸ்வேர்டு கேட்காமலே சேர்ந்துகொண்டது. பிரிண்டர் மட்டும் இன்னும் வரவில்லை.

லெனா அண்ணன் கோவை: கரண்ட் போய் வந்ததா? போய் வந்தால் ரவுட்டர் சில சமயம் பிரிண்டருக்கு வேறு முகவரி கொடுத்துவிடும். பிரிண்டரை ஒரு தடவை அணைத்துப் போடு. இன்னொன்று, பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 தெரியாது. அதுவும் இல்லாவிட்டால் வைஃபை டைரக்ட் இருக்கிறது. அதற்கு ரவுட்டரே வேண்டாம், பிரிண்டர் தானே ஒரு வைஃபை கொடுக்கும், பட்டியலில் 'டைரக்ட்' என்று தொடங்கும் பெயரைப் பார்

கதிர் சென்னை: பெரியப்பச்சி, கெஸ்ட் வைஃபையிலிருந்து வெளியே வாங்க. அது வருகிறவர் போகிறவருக்கு. நெட் மட்டும் கிடைக்கும், உள்ளே இருக்கிற பிரிண்டர், கம்ப்யூட்டர் எதுவும் தெரியாது. வந்தவரை முகப்போடு உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்புகிற மாதிரி.

தேனப்பன் சிங்கப்பூர்: இரண்டாங்கட்டுக்கு விடமாட்டோம் 😄

சுப்பையா அண்ணன்: சரி, ஆபீஸ் வைஃபை. பாஸ்வேர்டு கேட்கிறது.

வள்ளி (ராமு வீடு): அந்தப் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் என்பார்களே?

கதிர் சென்னை: அது பழசு ஆச்சி. பொங்கலுக்கு வந்தபோது மாற்றிக் கொடுத்தேன். ஊர் பெயரும் வீடு கட்டின வருஷமும்.

சுப்பையா அண்ணன்: 1926 போட்டேன். தப்பு என்கிறது.

உமையாள் ஆச்சி: 1926இல் அஸ்திவாரம்தான் போட்டாக. பர்மாவிலிருந்து தேக்கு வந்து சேர்ந்து, புதுமனை புகுந்தது அப்புறம்தான்.

லெனா அண்ணன் கோவை: முகப்பில் சுதையில் எழுதியிருக்கிறதே, 1929.

உமையாள் ஆச்சி: அது மேல்மாடி எடுத்த வருஷம். எங்கள் மாமியார் சொல்லி எனக்குத் தெரியும்.

தேனப்பன் சிங்கப்பூர்: மேல்மாடி யார் பணத்தில் கட்டியது என்று மட்டும் ஆரம்பிக்காதீங்க

லெனா அண்ணன் கோவை: ஆரம்பித்தால்தான் என்ன? எங்கள் ஐயா அனுப்பிய பணம். கணக்கு ஏடு என்னிடம் இருக்கிறது.

உமையாள் ஆச்சி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கதிர் சென்னை: பெரியப்பச்சி, உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். குரூப்பில் போட வேண்டாம்.

சுப்பையா அண்ணன்: சேர்ந்துவிட்டது!! பிரிண்டர் பெயரும் வந்துவிட்டது. அடிக்கக் கொடுத்தேன். ஒரு சிவப்பு விளக்கு மினுக்குகிறது, தாள் வரவில்லை.

லெனா அண்ணன் கோவை: தாள் அளவைப் பார். டேப்லெட்டில் லெட்டர் என்று இருக்கும். அது அமெரிக்க அளவு, 216க்கு 279 மில்லிமீட்டர். நம்முடைய ஏ4 210க்கு 297. பிரிண்டர் லெட்டர் தாளுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது. ஏ4 தாளைப் பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது, அதில் ஒரு அழகான கணக்கு உண்டு

மீனாள்: பெரியப்பச்சி அது நாளைக்கு

சுப்பையா அண்ணன்: ஏ4 ஆக்கினேன். வந்துவிட்டது. ஆனால் பெயர், ஊர், போன் நம்பர் ஒரு தாளில், புள்ளியும் வரியும் வேறு தாளில். எது யாருடையது என்று தெரியவில்லை.

கதிர் சென்னை: கட்டம் அகலமாக இருக்கிறது. ஃபைலை அனுப்புங்க, குறுக்குவாட்டில் பிடிஎஃப் ஆக்கித் தருகிறேன். பிடிஎஃப் ஆனால் தமிழ் எழுத்தும் உடையாது.

சுப்பையா அண்ணன்: [கோப்பு: புள்ளிப் பட்டியல்]

தேனப்பன் சிங்கப்பூர்: குரூப்பிலேயே போட்டாச்சா. இன்றைக்குத் தூக்கம் போச்சு

வள்ளி (ராமு வீடு): எங்கள் அத்தைக்கு முழுப்புள்ளி போட்டிருக்கிறது. மாமா தவறிய பிறகு அரைதானே?

உமையாள் ஆச்சி: என் பெயரை உமையாழ் என்று போட்டிருக்கிறது சுப்பையா. வரி மட்டும் சரியாக இருக்கிறது.

லெனா அண்ணன் கோவை: கோவைப் பங்காளிகளை ஏன் பின்னால் போட்டிருக்கிறாய்? வளவு வரிசைப்படி, அதாவது பூர்வீக வீட்டுக் கிளை வரிசைப்படி, நாங்கள் முன்னால் வர வேண்டும்.

சுப்பையா அண்ணன்: அகர வரிசைண்ணே. ஊர் வாரியாகக் கேட்டது நீங்கள்தான்.

கதிர் சென்னை: [கோப்பு: புள்ளிப் பட்டியல் குறுக்குவாட்டு ஏ4] ஒவ்வொரு தாளிலும் தலைப்பு வரும். ஆச்சி பெயரைத் திருத்திவிட்டேன்.

சாலா ஆச்சி: எல்லாம் பார்த்தேன். என் மகன் கதிர் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது?

மாலை 6:31

உமையாள் ஆச்சி: படைப்புக்குக் கவுனி அரிசி யார் சொல்கிறீர்கள்? போன தடவை சரியாக வேகவில்லை.

சாலா ஆச்சி: நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. பட்டியலைச் சரி பண்ண அவன் வேண்டும்.

கதிர் சென்னை: ஆத்தா விடுங்க

சுப்பையா அண்ணன்: சாலா, நான் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. நமக்குள் நடந்து, நம் கோவிலில் இருந்து மாலை வந்த கல்யாணத்தைத்தான் எழுதுவது வழக்கம். நானாக மாற்ற முடியாது, பெரியவர்கள் நாலு பேர் கூடிச் சொன்னால் எழுதுகிறேன்.

தேனப்பன் சிங்கப்பூர்: அந்த நாலு பேரில் இரண்டு பேர் மகன்களுக்கு இப்போது பெண் பார்க்கிறது அமெரிக்காவில். கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

லெனா அண்ணன் கோவை: தேனப்பா, இது குரூப்பில் பேசும் விஷயம் இல்லை. நாளைக் கூட்டத்தில் நேரில் பேசலாம்.

சாலா ஆச்சி: போன படைப்புக்கும் நேரில் பேசலாம் என்றுதான் சொன்னீர்கள் அண்ணே.

மீனாள்: ஒரு வரி காலியாக விட்டு அடிக்கலாமே அப்பச்சி. கூட்டத்தில் முடிவானால் பேனாவில் எழுதிக்கொள்ளலாம்.

உமையாள் ஆச்சி: காலி வரி விட்டால் இன்னும் எத்தனை பேர் கேட்பார்கள் தெரியுமா?

லெனா அண்ணன் கோவை: [குரல் செய்தி 4:12]

சுப்பையா அண்ணன்: குரல் செய்தியைப் பிறகு கேட்கிறேன். காலி வரி உண்டா இல்லையா, யாராவது ஒருவர் சொல்லுங்கள். ஆபீஸ் பையன் பூட்டிக்கொண்டு போக நிற்கிறான். ஆளுக்கு ஒரு பிரதியா, வளவுக்கு ஒன்றா?

உமையாள் ஆச்சி: வளவுக்கு ஒன்று போதும்.

லெனா அண்ணன் கோவை: ஆளுக்கு ஒன்று.

ராமு: இப்போதுதான் போனைப் பார்த்தேன். மேலே இருக்கிறதை எல்லாம் படிக்க முடியவில்லை. அண்ணே, ஆளுக்கு ஒன்று வராது. தட்டில் இருக்கிற தாள்தான், மிச்சக் கட்டு அலமாரியில் இருக்கிறது. சாவி என்னிடம்.