மேடை ஹிப்னாடிசக்காரரிடம் பரீட்சை பயத்துக்கு சிகிச்சை எடுக்கலாமா?

திருமங்கலத்தான்:
திருவிழா மேடையில் ஹிப்னாடிசம் செய்து பச்சை வெங்காயத்தை ஆப்பிள் என்று தின்னவைத்தார் ஒருவர். மறுநாள் மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜில் ரூம் போட்டு, 'பரீட்சை பயம் ஒரே சிட்டிங்கில் போகும்' என்று நோட்டீஸ் விடுகிறார். பிளஸ் டூ படிக்கும் பையனைக் கூட்டிப்போகலாமா?

மேடையோரம்:
வேண்டாங்க. மேடையில் நடப்பது பாதிக்கு மேல் ஆள் பொறுக்குவதுதான். முதலில் கூட்டம் முழுக்க விரல்களைக் கோத்து இறுக்கச் சொல்வார், 'ஒட்டிக்கிச்சு, பிரிக்க முடியாது' என்பார். பிரிக்கத் திணறுகிறவர்களை மட்டும் மேலே ஏற்றுவார். அவர்களிலும் மசியாதவர்களைத் தோளில் தட்டி இறக்கிவிடுவார். மிஞ்சுகிறவர்கள் சொன்னதைச் சட்டென ஏற்கும் சுபாவக்காரர்கள். போதாததற்கு மைக், இசை, ஊரே பார்க்கிறது என்ற உந்துதல். உங்கள் பையன் அந்த ரகமா என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு நாற்காலிக்கு நடுவே ஆளைப் பலகை மாதிரி கிடத்துவதும் வசியம் இல்லை. திடமான உடம்புள்ள பலரால் விழிப்போடே அப்படிக் கிடக்க முடியும். அப்படிக் கிடப்பவர் மேல் இன்னொருவர் ஏறி நின்றால் முதுகெலும்புக்குத்தான் கேடு. பிரிட்டனில் இந்த ஷோக்களுக்கென்றே 1952இல் சட்டம் போட்டார்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை மேடையேற்றக் கூடாது.

மனநலம்_மதுரை:
சிகிச்சையில் ஆள் பொறுக்க வழியில்லை, வந்தவருக்குத் தகுந்தபடிதான் செய்யணும். முதல் சந்திப்பு பெரும்பாலும் பேச்சிலேயே போகும்: பயம் எப்போது வருகிறது, தூக்கம் எப்படி, வலிப்பு உண்டா, காதில் குரல் கேட்கிறதா. மனச்சிதைவு அறிகுறி இருந்தால் ஹிப்னாசிஸை எடுக்கவே கூடாது.

பிறகுதான் கண்மூடி, மூச்சைக் கவனித்து, உடம்பைத் தளர்த்துவது. அந்த நிலையில் பரீட்சை ஹாலை மனசுக்குள் நடத்திப் பார்க்கவைப்போம்: கேள்வித்தாள் கைக்கு வருகிறது, உள்ளங்கை வேர்க்கிறது, மூச்சை மெதுவாக விடுகிறான், தெரிந்த கேள்வியை முதலில் எழுதுகிறான். முடிவில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி முழுசாக விழிக்கவைக்கணும். இதை அவசரப்படுத்தினால் தலைச்சுற்றலோடு வீட்டுக்குப் போவான். வீட்டில் தினமும் பயிற்சியும் உண்டு. ஒரே சிட்டிங்கில் முடிகிற காரியமில்லை.

'சின்ன வயசுக்குக் கூட்டிப்போய் காரணத்தைக் கண்டுபிடிக்கிறேன்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நடக்காத சம்பவமும் நிஜ நினைவாகப் பதிந்துவிடக்கூடும்.

திருமங்கலத்தான்:
சரிங்க. அப்போ யாரிடம் போவது?

மனநலம்_மதுரை:
அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் முதலில் காட்டுங்கள். தனியாரிடம் போனால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்கிறவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். போனில் பேச அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.