காரில் எம்பி3 பிளேயரைக் கேட்பது எப்படி? நம்ம கடற்கரைக்காரங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பாம்பன்காரன்:

எங்க தாத்தா கரைவலை இழுத்தவர். வலை இழுக்கையில் ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, மத்தவங்க ஏலேலோ போட்டு வாங்கிப் பாடுற அம்பாப் பாட்டு அவருக்கு நாற்பதுக்கு மேல தெரியும். சிங்கப்பூர்ல இருந்து மாமா கொண்டுவந்த சின்ன எம்பி3 பிளேயர்லயே பதிவு பண்ற வசதி இருந்தது. தாத்தாவைத் திண்ணையில் உட்கார வச்சு 52 நிமிஷம் பாடச் சொல்லி எடுத்தேன். அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு.

போன மாசம் அப்பாவைக் கண் பார்க்க மதுரைக்குக் கூட்டிப் போனேன். வழி நெடுக அதைக் கேக்க வைக்கணும்னு ஆசை. கார் பழசு. ரேடியோ, சிடி மட்டும்தான். முன்னாடி வயர் குத்த இடமே இல்லை. அதனால சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகுற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன். பிளேயரோட ஹெட்போன் வயரை அதில் குத்தினா, நாம வைக்கிற எண்ணில் அது காரைச் சுத்திச் சில மீட்டர் மட்டும் ஒலிபரப்பும். கார் ரேடியோவையும் அதே எண்ணில் வச்சா பாட்டு வரும். வாசலில் நிறுத்திச் சோதிச்சப்ப சுத்தமா இருந்தது.

விடியக்காலை நாலரைக்குப் பாம்பன் பாலம் ஏறினோம். பாலத்து நடு உயரத்துக்கு வந்ததும் தாத்தா குரல் மங்கி, இலங்கைத் தமிழில் ஒரு அம்மா பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கிறாங்க. ரெண்டு விநாடி தாத்தா, மூணு விநாடி அந்த அம்மா. எஃப்எம் ரேடியோ ஒரே எண்ணில் ரெண்டு அலை வந்தா ரெண்டையும் கலந்து தராது, வலுவா இருக்கிறதைத்தான் பிடிக்கும். நம்ம கருவியோட பலம் நாலு முழம். அக்கரை நிலையத்தோட பலம் கிலோவாட் கணக்கு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல 30 கிலோமீட்டர் கூட கிடையாது, மறைக்க மலையோ மரமோ இல்லை. 88ல இருந்து 108 வரைக்கும் திருகிப் பார்த்தேன். மண்டபம் தாண்டுறதுக்குள்ள மூணு தடவை எண் மாத்தினேன். உச்சிப்புளியில் அப்பா கையை நீட்டி அவரே அணைச்சிட்டார். ஒண்ணும் சொல்லலை. அதுதான் எனக்குத் தாங்கலை.

பரமக்குடி தாண்டினதும் மறுபடி போட்டேன். குறுக்கீடு இல்லை, ஆனா பதிவே சன்னமான குரல். அதுக்கு மேல இரைச்சல். பிளேயரில் சத்தத்தை முழுசா வச்சா குரல் உடையுது. வேற வழி இருந்தா சொல்லுங்க. இந்தக் குரல் எங்களுக்கு வேற எங்கயும் இல்லை.

கீழக்கரை காக்கா (அண்ணன்):

தம்பி, வாசிக்கவே மனசு கனத்துப் போச்சு. முதல் வேலையா அந்தப் பதிவை இன்னும் ரெண்டு இடத்தில் நகல் எடுத்து வைங்க, கார் அப்புறம்.

என் வண்டியில் கேசட் ரேடியோ இருந்த காலத்தில் கேசட் வடிவ அடாப்டர் வச்சிருந்தேன். அதுக்குள்ள நாடா கிடையாது. நாடா உரசுற இடத்தில் ஒரு சின்ன ஹெட், அதாவது காந்த முனை, இருக்கும். பிளேயர்ல இருந்து வர்ற ஒலியை அது காந்தமா மாத்தி ரேடியோவோட ஹெட்டுக்குக் கொடுக்கும். காத்துல போற அலையே இல்லாததால அக்கரைத் தொல்லை சுத்தமா இல்லை. தானா பக்கம் மாறுற ரேடியோவா இருந்தா மட்டும் டக் டக்னு மாத்திக்கிட்டே இருக்கும். உங்களுதில் கேசட் இல்லைங்கிறதால இது ஆகாது.

யுஎஸ்பி உள்ள ரேடியோ வாங்குறதா இருந்தா ஒண்ணு கவனிங்க. நான் பழைய ஐபாடைக் குத்தினேன், பாட்டு வரிசையெல்லாம் குழம்பி வந்தது. ஐபாடு தன் கோப்புகளை மறைவான அடுக்குகளில் நாலெழுத்துப் பெயராக மாத்தி வச்சிருக்கும், சாதா ரேடியோவுக்கு அது விளங்காது. பாட்டை ஒரு பென்டிரைவில் ஏத்துங்க, அதைக் கம்ப்யூட்டரில் ஃபார்மட் பண்றப்ப ஃபேட்32 வடிவத்தைத் தேர்ந்தெடுங்க. எக்ஸ்ஃபேட்ங்கிற இன்னொரு வடிவத்தை நிறைய கார் ரேடியோ படிக்காது.

தொண்டி டிரைவர்:

19 வருஷமா டாக்ஸி ஓட்டுறேன். ரேடியோவை வெளியே இழுத்துப் பார்த்தீங்களா தம்பி? முன்னாடி ஓட்டை இல்லாட்டியும், கடையில் வாங்கிப் போட்ட செட்டுகள் பலதில் பின்பக்கம் சிவப்பு, வெள்ளைன்னு ரெண்டு ஓட்டை இருக்கும். பக்கத்தில் என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஆக்ஸ் இன், அதாவது வெளிக் கருவியோட ஒலியை உள்ளே வாங்குற ஓட்டை, என்று இருந்தால்தான் நமக்கு. அதே நிறத்தில் ஆம்பிளிஃபயருக்குப் போற அவுட் ஓட்டையும் இருக்கும், அதில் குத்திட்டுப் பாட்டு வரலைன்னு அலைஞ்சவங்க நிறைய.

வயர் போட்டதும் அடுத்த தொல்லை வரும். ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க ‘ங்கொய்ய்ங்’னு சத்தம் ஏறும். பிளேயரை வண்டிச் சார்ஜரிலும் ஆக்ஸிலும் ஒரே நேரத்தில் குத்தினா, எர்த் ரெண்டு வழியா ஓடி, எஞ்சின் ஓட்டத்தில் மின்சாரம் எடுக்கிற ஆல்டர்னேட்டரோட சத்தம் பாட்டுக்குள்ள நுழையுது. சார்ஜரைக் கழட்டிட்டு பவர் பேங்கில் போட்டாலே பெரும்பாலும் போயிரும். நிக்கலைன்னா கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு விக்கிறாங்க, உள்ளே ரெண்டு குட்டி டிரான்ஸ்பார்மர், வயருக்கு நடுவில் மாட்டுறது.

அப்புறம் நம்ம ஊர் வியாதி, உப்பு. கடலோரம் ராத்திரி வண்டியை நிறுத்தினா ஆக்ஸ் ஓட்டை, லைட்டர் ஓட்டை, ஆன்டெனா அடி எல்லாம் பச்சை பூத்துரும். ஒரு பக்கம் ஸ்பீக்கர் மட்டும் பாடுதுன்னு எவ்வளவோ பேர் ஸ்பீக்கரை மாத்தியிருக்காங்க. பின்னைச் சுத்திச் சுத்தி நாலு தடவை குத்தி எடுங்க, கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி விடுங்க. தண்ணித் துணி வைக்கவே வைக்காதீங்க.

தங்கச்சிமடம்:

எஃப்எம் கருவி வச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். 90.4ல வைக்காதீங்க. அது நம்ம பாம்பன் கடல் ஓசை, கடலுக்குப் போறவங்களுக்கான வானொலி. ஒருநாள் தெரியாம அந்த எண்ணில் வச்சுக்கிட்டுக் கரையோரம் வண்டியை நிறுத்தினேன். பக்கத்துல வலை பின்னிக்கிட்டிருந்த பெரியவர் தன் ரேடியோவைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். காத்து நிலவரம் கேக்க உட்கார்ந்தவருக்கு என் பாட்டு ஓடுது. நாலஞ்சு மீட்டர்தான் எட்டும், ஆனா அந்த நாலஞ்சு மீட்டர்ல அவர் இருந்தார். இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்.

பாம்பன்காரன்:

தொண்டி அண்ணே, நூத்துக்கு நூறு. ராமநாதபுரத்தில் ஒரு செட் கடையில் இழுத்துப் பார்த்தோம், பின்னாடி ஆக்ஸ் இன் இருக்கு. இவ்வளவு வருஷமா அது இருந்ததே தெரியலை. அங்கேயே வயர் போட்டு முன்னாடி எடுத்து விட்டாங்க. பிளேயரில் முக்கால் சத்தம், மீதியைக் கார்ல கூட்டிக்கிட்டேன். குரல் உடையலை, இரைச்சலும் இல்லை. தாத்தா மூச்சு வாங்குறது கூட கேக்குது. காக்கா சொன்னபடி நகலும் எடுத்தாச்சு, ஒண்ணு தங்கச்சி வீட்டில் இருக்கு.

சாயங்காலம் அப்பாவை ஏத்திக்கிட்டு மண்டபம் வரைக்கும் போனேன். பாலத்தில் தாத்தா எடுத்துக் கொடுத்தார், அப்பா வாங்கிப் பாடினார். திரும்பி வரும்போதும் அதேதான். பதிவில் எனக்குப் புரியாம இருந்த ரெண்டு சொல்லை அவர் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன், ரெண்டுமே காத்தோட பேர்.

அடுத்த வாரம் மறுபடி மதுரை. வயர் ரெண்டா வாங்கி வச்சிருக்கேன், உப்புக்கு ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கட்டும்.