ஹோவர்ட் பிலிப்ஸின் தேர்தல்கள்: நேரில் கண்டவர்களின் பகிர்வு

வர்ஜீனியாவில் படித்த உறுப்பினர்:

1996ஆம் ஆண்டு வர்ஜீனியாவின் வியன்னா நகருக்கு அருகில் மாணவனாகத் தங்கியிருந்தபோது, மளிகைக் கடை வாசலில் அட்டையும் பேனாவுமாக நின்ற ஒரு பெரியவர், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற ஹோவர்ட் பிலிப்ஸின் பெயர் வாக்குச்சீட்டில் இடம்பெற என் கையெழுத்தைக் கேட்டார். எனக்கு இந்நாட்டில் வாக்குரிமை இல்லை என்று சொன்ன பிறகும் அவர் பேச்சை நிறுத்தவில்லை.

இரு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களுக்கு வாக்குச்சீட்டில் இடம் உறுதி. புதிய கட்சியோ ஒவ்வொரு மாநிலத்திலும் அந்தந்த மாநிலச் சட்டம் கேட்கும் எண்ணிக்கையில், அது விதிக்கும் கெடுவுக்குள், பதிவுபெற்ற வாக்காளர்களின் கையெழுத்துகளைத் திரட்டியாக வேண்டும். பிலிப்ஸ் தொடங்கிய வரி செலுத்துவோர் கட்சி 1992இல் 21 மாநிலங்களில்தான் இடம்பிடித்தது. 1996இல் அது 39 ஆனது. அந்தக் கட்சியின் உழைப்பில் பெரும்பகுதி வாக்குக் கேட்பதற்கு முன்பே இப்படித் தீர்ந்துபோயிருக்கும் என்றே எனக்குத் தோன்றியது.

பிலிப்ஸின் முன்கதையையும் அந்தப் பெரியவரே சொன்னார். வறுமை ஒழிப்புக்காகக் குடியரசுத் தலைவர் ஜான்சன் காலத்தில் உருவான பொருளாதார வாய்ப்பு அலுவலகத்தைக் கலைக்கும் பொறுப்புடன் 1973இல் குடியரசுத் தலைவராக இருந்த நிக்சன் பிலிப்ஸை அதன் தற்காலிகத் தலைவராக்கினார். அத்திட்டங்களுக்கான நிதியை நிறுத்துவதாகக் கொடுத்த வாக்கை நிக்சன் காப்பாற்றவில்லை என்று கருதிய பிலிப்ஸ் பதவி விலகினார். குடியரசுக் கட்சியின் மீது அவருக்கிருந்த அவநம்பிக்கைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஆயினும், தம் கட்சிக்குத் தலைமையேற்க பழமைவாத அரசியல்வாதி பேட் புக்கானன் வருவார் என்று அவர் காத்திருந்தார். புக்கானன் குடியரசுக் கட்சியை விட்டு வராததால், 1996லும் தாமே நின்றார். வெளிநாட்டு உதவியை அடியோடு நிறுத்த வேண்டும் என்ற கொள்கையை வெளிநாட்டவனான என்னிடமே விளக்குவதில் அந்தப் பெரியவருக்குக் கூச்சம் எதுவும் இருக்கவில்லை. 1992இல் சுமார் 43,000 ஆக இருந்த வாக்குகள் அந்த ஆண்டு 1,84,000ஐத் தாண்டின. மொத்த வாக்குகளில் அது அரை விழுக்காடு கூட இல்லை.

புளோரிடாவிலிருந்து மற்றோர் உறுப்பினர்:

மேலே எழுதியவர் புக்கானனைக் குறிப்பிட்டதால் இதைச் சொல்கிறேன். 2000இல் நான் வாக்களித்தது, பெயர்கள் இரு பக்கமும் துளைகள் நடுவிலுமாக அமைந்து பெருங்குழப்பத்தை உண்டாக்கிய பாம் பீச் மாவட்டத்தின் வாக்குச்சீட்டில். அதன் வலப்பக்கத்தில் சீர்திருத்தக் கட்சி வேட்பாளராகப் புக்கானன் முதலிடத்தில் இருந்தார். யாருக்காகக் காத்திருந்தாரோ அவருக்கு இரண்டு இடம் கீழே, அரசியலமைப்புக் கட்சி என்று பெயர் மாறியிருந்த தம் கட்சியின் வேட்பாளராகப் பிலிப்ஸ் நின்றார்.

புளோரிடாவில் பிலிப்ஸுக்கு விழுந்தவை 1,371 வாக்குகள். குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், ஜனநாயகக் கட்சியின் அல் கோரை அங்கே வென்றது 537 வாக்கு வித்தியாசத்தில். கோரின் வாக்குகளைப் பிரித்ததாகப் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடரைத் திட்டியவர்கள் ஏராளம், பிலிப்ஸைத் திட்டிய ஒருவரையும் நான் கண்டதில்லை. அவர் பிரித்தவை பெரும்பாலும் புஷ்ஷுக்குப் போயிருக்கக்கூடிய வாக்குகள் என்பதும், புஷ்ஷே வென்றுவிட்டார் என்பதும் காரணமாக இருக்கலாம்.

எங்கள் தெருவில் பிலிப்ஸுக்கு வாக்களித்த ஒருவர் இருந்தார். மறுஎண்ணிக்கை இழுத்துக்கொண்டிருந்த நாட்களில், புஷ் தோற்றால் வருந்துவீர்களா என்று அவரிடம் கேட்டேன். தந்தை புஷ் 1990இல் உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்த சூட்டரை எதிர்த்துச் செனட் குழுவின் முன் பிலிப்ஸ் சாட்சி சொன்னதை நினைவுபடுத்திவிட்டு, அந்தக் குடும்பத்தை இன்னொரு முறை நம்புவதற்கில்லை என்றார். மறுஎண்ணிக்கையை நிறுத்தி, டிசம்பரில் புஷ்ஷுக்குச் சாதகமாக வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் மாறுபட்ட நால்வருள் சூட்டரும் ஒருவர் என்று தெரிந்ததும், செய்தித்தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.