காது கேளாமைக்கு ஊனமுற்றோர் பென்ஷன்: 2006இல் தள்ளுபடி, இப்போது அப்பீல் போகலாமா?

ஹவில்தார் மகள்:
அப்பா பீரங்கிப் படையில் 24 வருடம். 1982 ஆகஸ்டில் சேர்ந்து, 2006 ஆகஸ்டில் ஹவில்தாராக வெளியே வந்தார். 1999 கார்கில் போரில் திராஸில் போஃபர்ஸ் பீரங்கியோடு இருந்தவர். வெளியே வரும்போதே இரண்டு காதும் மந்தம். இப்போது பக்கத்திலேயே குக்கர் விசில் அடித்தாலும் திரும்ப மாட்டார். ஆனால் எதிர்வீட்டு மாமா பேசினால் கேட்கிறது, என் பெண் பேசினால் கேட்பதில்லை. அவளுக்கு அதில் கோபம் வேறு.

போன வாரம் டிரங்க் பெட்டியைக் குடைந்தபோது ஒரு கடிதம் கிடைத்தது. ஊனம் 20 சதவீதம், ஆயுளுக்கும். ஆனால் அது பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை, ஆகவே பென்ஷன் கிடையாது, ஆறு மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம் என்று இருக்கிறது. ஏன் செய்யவில்லை என்று கேட்டால், "அதெல்லாம் வேலைக்கு ஆகாதுன்னு சொன்னாங்க" என்கிறார். இத்தனை வருடம் கழித்து ஏதாவது செய்ய முடியுமா?

பழைய கன்னர்:
முடியும் அம்மா. நானும் இதே வழியில் போய் வாங்கியவன்தான். நான் இருந்தது 130 எம்.எம். பீரங்கியில். காதில் பஞ்சு உருட்டி வைத்துக்கொள்வோம். இரண்டு காதிலும் வைத்தால் ஆர்டர் கேட்காது என்று ஒரு காதுப் பஞ்சைப் பிடுங்கிவிடுவோம். அந்தக் காதுதான் எனக்கு முதலில் போனது.

உங்கள் கடிதத்தில் இருப்பதை நாங்கள் 'நானா' என்போம். 'Neither Attributable Nor Aggravated' என்ற ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகள் (NANA) அவை. நானா போட்டுவிட்டார்கள் என்றால் கதை முடிந்தது என்று பாதிப் பேர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், உங்கள் அப்பா மாதிரி.

முதலில் அந்தக் கடிதத்தோடு சண்டை போடாதீர்கள். அது வெறும் முடிவு. காரணம் இருப்பது ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அதாவது படையை விட்டு வெளியே வரும்போது சோதிக்கும் மருத்துவக் குழுவின் அறிக்கையில். அப்பா பெயரிலேயே, அவருடைய சர்வீஸ் ஆவணங்கள் இருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) போடுங்கள், 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு. போர்டு அறிக்கை முழுதும் வேண்டும், சர்வீஸில் எடுத்த ஆடியோகிராம்கள் (காது பரிசோதனை வரைபடங்கள்) அத்தனையும் வேண்டும் என்று கேளுங்கள். என் அறிக்கை வந்தபோது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பீரங்கிப் படையில் காலம் தள்ளியவனுக்கு, 'அதிக சத்தத்துக்கு ஆட்பட்டதில்லை' என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிதான் என் கேஸே.

அப்புறம், 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அப்பீலில் எழுதுங்கள். படையில் சேரும்போது அந்த நோய் பற்றிக் குறிப்பு எதுவும் இல்லையென்றால், ஆள் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பணியால் வரவில்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது அரசு. மருத்துவ போர்டு காரணத்தையும் எழுத வேண்டும். வெறும் நானா போதாது.

தாமதத்துக்குப் பயப்படாதீர்கள். மாதாமாதம் வர வேண்டிய பணம் என்பதால் இதைத் தொடர்ந்து நடக்கும் தவறாகவே பார்க்கிறார்கள். 2008 தர்சேம் சிங் தீர்ப்பு அதுதான். ஆனால் அரியர் பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். போனது போனதுதான். முதல் அப்பீலைத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். ஆறு மாதம் பதிலே இல்லையென்றாலும் சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயக் கிளைக்குப் போகலாம். அரியரில் பங்கு கேட்கும் ஆட்களிடம் மட்டும் மாட்டாதீர்கள்.

ஆடியோ லேப்:
நான் காது பரிசோதனை செய்பவன். ஒன்றே ஒன்று சொல்கிறேன். வெடிச் சத்தத்தில் போன காதின் ஆடியோகிராமில் கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாக இறங்கி, 8000இல் கொஞ்சம் ஏறும். வயதால் போனால் ஏறாது, சறுக்கிக்கொண்டே போகும். உங்கள் அப்பாவுக்கு இப்போது அறுபதுக்கு மேல் இருக்கும், வயதும் சேர்ந்து அந்தப் பள்ளம் மறைந்திருக்கும். ஆகவே புதிதாக ஆயிரக்கணக்கில் செலவு செய்து டெஸ்ட் எடுப்பதைவிட, சர்வீஸில் எடுத்த பழைய தாள்தான் தங்கம். பேத்தி குரல் கேட்காததும் இதனால்தான், மேல் ஸ்தாயிதான் முதலில் போகும். குழந்தையிடம் சொல்லுங்கள், தாத்தா வேண்டுமென்று செய்யவில்லை.

ரிட்டயர்டு கிளார்க்:
20 என்று போட்டிருப்பதே பெரிய விஷயம். முழு சர்வீஸ் முடித்து வந்தவருக்கு 20க்குக் கீழே போட்டிருந்தால் பென்ஷனில் ஊனத்துக்கான பகுதி கிடையாது, 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எத்தனையோ பேருக்கு 15இல் நிற்கிறது, பாவம். உங்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. 2014 டிசம்பர் ராம் அவதார் தீர்ப்புப்படி, முழு சர்வீஸ் முடித்தவருக்கும் 20ஐ 50 ஆக ஏற்றிக் கணக்கிட வேண்டும். நூறு சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. அதனால் 6 சதவீதம் வர வேண்டிய இடத்தில் 15 வரும். அப்பீலிலேயே இதையும் கேட்டு எழுதிவிடுங்கள், பிறகு தனியாக அலைய வேண்டாம்.

ஹவில்தார் மகள்:
எல்லாருக்கும் நன்றி. பழைய கன்னர் ஐயா, பெட்டியை மறுபடி குடைந்தேன். டிஸ்சார்ஜ் புக்குக்குள் நாலாக மடித்து ஒரு ஆடியோகிராம், 2001ஆம் வருடத்தது. 4000இல் பள்ளம் அப்படியே இருக்கிறது! மடிப்பில் கிழிந்திருக்கிறது, டேப் ஒட்டலாமா கூடாதா தெரியவில்லை.

அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயதுதான்.

ஆர்.டி.ஐ. மனுவில் கையெழுத்து வாங்க அப்பாவிடம் போய், "ஆர்.டி.ஐ. போடணும்ப்பா" என்று இரண்டு முறை கத்தினேன். "ஆடியா? ஆடி வர இன்னும் நாள் இருக்கே" என்கிறார். கையெழுத்து வாங்கிவிட்டேன்.

ஆடியோ லேப்:
டேப் ஒட்டாதீர்கள். முதலில் ஒரு ஜெராக்ஸ்.