பஃபருக்குத் தமிழ்: ஏமமுதலா, தாங்குமுதலா?

எல்லோருக்கும் வணக்கமுங்க.

திங்கட்கிழமை பாடக்குறிப்பை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். வங்கி மேற்பார்வைப் பகுதியில் 'பஃபர்' (buffer: கெட்ட காலத்துக்கென்று வங்கி கூடுதலாக வைக்கும் மூலதனம்) மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டு நிற்கிறது. அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டதற்கு நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> வேதியியலில் 'தாங்கல் கரைசல்' இருக்கிறதே, 'தாங்கல்' போதாதா?

பொருள் சரிதான். ஆனால் இங்கே கோபியில் 'மூலதனத் தாங்கல்' என்று நான் பலகையில் எழுதியதும், "வங்கிக்கு யார் மேலங்க மனத்தாங்கல்?" என்று கேட்டாள் ஒரு மாணவி. வடக்கே போனால் தாங்கல் ஏரி ஆகிவிடும்: வேடந்தாங்கல், பழவந்தாங்கல்.

> 'ஏமமுதல்' என்போம். 'இனமென்னும் ஏமப் புணை' (காக்கும் தெப்பம்) என்பது குறள்.

புலவர் ஐயா, அந்தச் சொல் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஏமம் சேமத்திலிருந்து வந்ததா, சேமம் வடசொல்லா என்று 11 கடிதங்கள் ஓடிவிட்டன. அதை அப்புறம் பார்ப்போம். என் தயக்கம் வேறு. ஏமம், காப்பு என்றாலே தொடாமல் பூட்டி வைப்பது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பஃபர் கெட்ட காலத்தில் கரையட்டும் என்றே வைப்பது. நம் வங்கிகளுக்குக் குறைந்தபட்ச மூலதன விகிதம் (இடருக்கேற்ப எடை போட்ட சொத்துக்களில் மூலதனத்தின் பங்கு) 9 சதவீதம், அதற்கு மேல் பஃபர் 2.5. அந்த 2.5-இல் கை வைத்தால் உரிமம் போகாது. பங்காதாயம் கொடுப்பதில் கட்டுப்பாடு வரும், அவ்வளவுதான்.

எதிர்ச்சுழற்சி பஃபரை நான் தட்டுப்போரைக் காட்டித்தான் நடத்தினேன். மழை பெய்த வருஷம் சோளத்தட்டு மிஞ்சும், போர் உயரும். வறண்ட வருஷம் அதைத்தான் பிடுங்கி மாட்டுக்குப் போடுவோம். கடன் பெருகும்போது 2.5 சதவீதம் வரை ஏற்றி, நொடிக்கும்போது விடுவிக்கச் சொல்லி 2010-இல் பேசல் குழு (வங்கி மேற்பார்வைக்கான பன்னாட்டுக் குழு) வகுத்ததும் இதைத்தான்.

ஆகவே 'தாங்குமுதல்'. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை: தாங்கிய முதல், தாங்குகின்ற முதல், தாங்கும் முதல். 'மூலதன'த்தை நான் விட்டது தூய்மைக்காக அல்ல. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் "முதல் போட்டேன்" என்றுதானே சொல்கிறார்?

*

கோவையிலிருந்து:
தாங்குமுதலுக்கு என் ஓட்டு. கணினியில் பஃபரை 'இடையகம்' என்கிறோம். இங்கே அது ஒட்டாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 'பஃபர்' என்றே விட்டாலும் குற்றமில்லை.

*

பவானியிலிருந்து:
அச்சுக்குக் கொடுங்க அம்மணி, நான் தடுக்கவில்லை. ஆனால் 'தாங்கு' என்றதும் எனக்குத் தூண்தான் கண்ணில் நிற்கிறது. தூண் கரையாதே? உங்கள் வாதமே உங்கள் சொல்லுக்கு எதிராக நிற்கிறது. புணை நனையும், தேயும், ஆளைக் கரை சேர்க்கும். ஏமமுதலை அடிக்குறிப்பிலாவது போடுங்க.